பார்வையாளர்களை நிறுத்தியும் இல்லத்தில் சளிக்காய்ச்சல் பரவியது ஏன்?

கேள்வி: 42 பெரியவர்கள் தங்கியிருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் நர்சிங் பொறுப்பில் இருக்கிறேன். போன சீசனில் ஒருவருக்கு இருமல் என்று தெரிந்த அன்றே பார்வையாளர்களை நிறுத்தினோம். வாசலில் எல்லோருக்கும் காய்ச்சல் பார்த்தோம். தரையையும் கைப்பிடிகளையும் தினமும் மூன்று தடவை கிருமிநாசினி போட்டுத் துடைத்தோம். அப்படியும் இரண்டே வாரத்தில் 19 பேருக்குப் பரவிவிட்டது. நான்கு பேரை மருத்துவமனையில் சேர்த்தோம். ஒருவர் திரும்பி வரவில்லை. பாதிப் பேர் மறதி நோய் உள்ளவர்கள். மாஸ்க் போட்டால் கழற்றிவிடுவார்கள், அறைக்குள் இருக்கச் சொன்னால் இருக்க மாட்டார்கள். இந்த வருடம் சீசன் முழுக்கப் பார்வையாளர்களையே விட வேண்டாம் என்கிறது நிர்வாகம். அது சரியா? வேறு என்ன செய்யலாம்?

பதில்: வணக்கம். ஒருவரை இழந்த வருத்தம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. நீங்கள் துடைத்ததும் வீண் இல்லை, காய்ச்சல் பார்த்ததும் தப்பில்லை. ஆனால் நீங்கள் காவல் போட்ட இடம் ஒன்று, வைரஸ் வந்துபோன வழி வேறொன்று. சீசன் முழுக்கப் பார்வையாளர்களை நிறுத்தலாமா என்றால், வேண்டாம் என்பதுதான் என் பதில். அதைவிடப் பலன் தருவது ஒன்று உண்டு. முதல் ஆளுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்ததிலிருந்து 48 மணி நேரத்துக்குள் யார் என்ன செய்ய வேண்டும் என்பதை, ஒருவரும் இருமாத இந்த நாட்களிலேயே முடிவு செய்து, பொருளும் ஆளும் தயாராக வைத்துவிடுங்கள்.

முதலில் வைரஸ் எப்படி உள்ளே வருகிறது என்று பார்ப்போம். ஒரு பார்வையாளர் வாரத்தில் ஒருநாள் வந்து, ஒரே ஒருவரோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகிறார். பராமரிப்பாளர் தினமும் வருகிறார், ஒரே ஷிஃப்டில் பத்துப் பேரையாவது தொடுகிறார். நடக்க முடியாத ஒருவரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு அக்குளுக்கும் கீழே கைகொடுத்து, நெஞ்சோடு அணைத்துத்தான் தூக்க முடியும். பெரியவரின் முகம் பராமரிப்பாளரின் தோளில் சாய்ந்திருக்கும். ஒருவர் விடும் மூச்சை மற்றவர் அப்படியே இழுக்கிறார். ஊட்டிவிடும்போதும் இதே கதைதான். ஒரு முழம்கூட இடைவெளி இருக்காது. வாயில் இருப்பது புரையேறினால் நேராக ஊட்டுபவர் முகத்தில்தான் இருமுவார். முதியோர் பராமரிப்பின் வேலையே நெருங்கிப் போவதுதான். அதனால் தள்ளி நில்லுங்கள் என்ற அறிவுரை இங்கே பாதிக்குத்தான் செல்லும்.

2020 தொடக்கத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிர்க்லாந்து என்ற ஊரில் இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் கோவிட் பரவியதை விரிவாக ஆராய்ந்தார்கள். தொற்று ஏற்பட்டவர்களில் 101 பேர் இல்லத்தில் இருந்தவர்கள், 50 பேர் பணியாளர்கள், 16 பேர் பார்வையாளர்கள். உடம்பு சரியில்லாமலே பணியாளர்கள் வேலைக்கு வந்ததும், ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்ததும் பரவலுக்கு வழிவிட்டன என்று அந்த ஆய்வு சொன்னது. அதே பகுதியில் இன்னொரு இல்லத்தில் 76 பெரியவர்களைப் பரிசோதித்ததில் 48 பேருக்குத் தொற்று இருந்தது. அவர்களில் 27 பேருக்குப் பரிசோதித்த நேரத்தில் ஒரு அறிகுறியும் இல்லை. அந்த 27 பேரில் 24 பேருக்குப் பிறகுதான் அறிகுறி வந்தது. ஃப்ளூ என்று நாம் சொல்லும் இன்ஃப்ளூயன்சாவும் அறிகுறி தெரிவதற்குச் சுமார் ஒரு நாள் முன்பிருந்தே பரவக்கூடியது. வாசலில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி இவர்களில் யாரையும் பிடித்திருக்காது.

ஆகவே நிர்வாகத்திடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் விஷயம் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு. தொண்டை கரகரப்பு, மூக்கொழுகல், உடம்பு வலி என்று பராமரிப்பாளர் ஒருவர் போன் செய்தால், வீட்டிலேயே இருங்கள், சம்பளம் பிடிக்க மாட்டோம் என்ற பதில் உடனே வர வேண்டும். இன்று வராவிட்டால் கூலி போகும் என்ற நிலையில் இருப்பவர் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரத்தான் செய்வார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் வராத நாளில் மற்றவர்கள் தலையில் வேலை விழாமல் இருக்க, மாற்று ஆட்களின் பட்டியலும் வேண்டும். ஒரே சமயத்தில் மூன்று பேர் படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதை அன்றைக்கு யோசிக்க நேரம் இருக்காது. கையோடு பணியாளர்கள் ஓய்வெடுக்கும் அறையையும் போய்ப் பாருங்கள். நாள் முழுக்க ஒழுங்காக மாஸ்க் போட்டவர்கள் அந்தச் சின்ன அறையில் கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, மாஸ்க்கைக் கழற்றி, எதிரெதிரே உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இரண்டு தவணையாகச் சாப்பிட வையுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும்.

அடுத்தது, முதல் நோயாளியைச் சீக்கிரம் கண்டுபிடிப்பது. வயதானவர்களுக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இரண்டு வேளையாகச் சாப்பாட்டைத் தள்ளுவார். எப்போதும் எழுந்து நடப்பவர் இன்று கட்டிலை விட்டு இறங்க மாட்டார். என்றைக்கும் இல்லாத குழப்பம் வரும், அல்லது ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுவார். இருமல் இதற்குப் பிறகு வரலாம், வராமலும் போகலாம். இதையெல்லாம் முதலில் பார்ப்பவர் டாக்டர் அல்ல, ராத்திரி ஷிஃப்ட் பராமரிப்பாளர்தான். “அவங்க இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்காங்க” என்று அவர் சொன்னால் அதுவே போதும். உடனே பதிவேட்டில் எழுதி, பரிசோதனை செய்ய வேண்டும்.

காய்ச்சலின் அளவையும் மாற்றிக்கொள்ளுங்கள். நீண்டகாலப் பராமரிப்பில் இருக்கும் முதியவர்களுக்கு வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒரே ஒரு தடவை 37.8 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலும், திரும்பத் திரும்ப 37.2-ஐத் தாண்டினாலும், அவரவருடைய வழக்கமான வெப்பத்தைவிட 1.1 டிகிரிக்கு மேல் கூடினாலும் அது காய்ச்சல்தான். வழக்கமான அளவு என்ன என்று தெரிந்தால்தானே கூடியது தெரியும்? அதனால் ஒவ்வொருவரும் நன்றாக இருக்கும் நாளிலேயே வெப்பம், ஆக்சிஜன் அளவு, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்ற மூன்றையும் எழுதி வையுங்கள். ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ, அவருடைய வழக்கமான அளவைவிட 3 புள்ளிக்கு மேல் குறைந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டாலோ டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஆக்சிஜன் 90-க்குக் கீழே போனால் காத்திருக்கவே கூடாது.

சந்தேகம் வந்த அன்றே பரிசோதனை. இன்ஃப்ளூயன்சாவா, கோவிடா, நுரையீரலைத் தாக்கும் இன்னொரு வைரஸான ஆர்எஸ்வியா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, யாராலும் முடியாது. ஆனால் மருந்து வேறு வேறு. அதனால் விரைவுப் பரிசோதனைக் கிட்டுகள் கையிருப்பில் இருக்கட்டும். காலாவதித் தேதியை அவ்வப்போது பாருங்கள். விரைவுப் பரிசோதனையில் இல்லை என்று வந்தும் ஆள் சோர்ந்தே இருந்தால் பிசிஆர் அனுப்புங்கள். முடிவு வரும்வரை தொற்று இருப்பதாகவே நடத்துங்கள். 72 மணி நேரத்துக்குள் இரண்டு பேருக்கு உடம்பு சரியில்லாமல் போய், அதில் ஒருவருக்காவது இன்ஃப்ளூயன்சா உறுதியானால், பரவல் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். மூன்றாவது ஆளுக்காகக் காத்திருக்காதீர்கள். உங்கள் பகுதிப் பொது சுகாதார அலுவலகத்துக்கும் அன்றே சொல்லிவிடுங்கள்.

இன்ஃப்ளூயன்சா உறுதியானால் ஓசெல்டமிவிர் என்ற மருந்து உண்டு. நோய் வந்தவருக்கு வழக்கமாக 75 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, 5 நாள். அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். பலரும் அறியாத ஒன்று, அதே பகுதியில் இருக்கும், இன்னும் நோய் வராதவர்களுக்கும் இதைத் தடுப்பாகத் தருகிறார்கள்: தினம் ஒரு வேளை, குறைந்தது இரண்டு வாரம், கடைசியாக ஒருவருக்கு நோய் வந்த நாளிலிருந்து ஒரு வாரம் தாண்டும்வரை. பரவலைப் பாதியில் நிறுத்த இதைவிடக் கூர்மையான கருவி நம்மிடம் இல்லை. ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பொறுத்து அளவைக் குறைக்க வேண்டும், அதற்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் எவ்வளவு என்று தெரிய வேண்டும். பரவல் தொடங்கிய இரவில் 42 பேருக்கு ரத்தம் எடுக்க முடியுமா? சீசனுக்கு முன்பே உங்கள் டாக்டரிடம் சொல்லி ஒவ்வொருவரின் கிரியேட்டினின், எடை, தினமும் சாப்பிடும் மாத்திரைகள் இவற்றை ஒரே பட்டியலில் கொண்டுவந்துவிடுங்கள். கோவிடுக்கும் இந்தப் பட்டியல் உதவும். அதற்குத் தரும் நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் மருந்தை 5 நாளுக்குள் தொடங்க வேண்டும். அது பெரியவர்கள் சாப்பிடும் பல மாத்திரைகளோடு ஒத்துப்போகாது. என்ன மருந்து, என்ன அளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். அவர் தாமதமில்லாமல் முடிவு செய்ய வேண்டிய விவரங்களைத் தயாராக வைப்பது உங்கள் பங்கு.

தனிமைப்படுத்துவதில் ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கு நோய் வந்தால், மற்றவரைக் காப்பாற்றுகிறோம் என்று அவரை வேறொரு அறையில், நலமாக இருக்கும் ஒருவரோடு சேர்த்துவிடுகிறார்கள். அப்படி மாற்றப்படுபவருக்குள் வைரஸ் ஏற்கெனவே போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இன்ஃப்ளூயன்சா என்றால் ஒன்று முதல் நான்கு நாளுக்குள் வெளியே தெரியும். அதற்குள் புது அறையிலும் பரவிவிடும். தனி அறை இருந்தால் மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அதே அறையில் திரை போட்டு, கட்டில்களை முடிந்தவரை விலக்கி, ஒருவர் தலைப்பக்கம் மற்றவர் கால்பக்கமாக இருக்கும்படி திருப்பிப் போட்டு, இருவரையும் கண்காணியுங்கள். இன்ஃப்ளூயன்சாவுக்கு 7 நாள், அல்லது காய்ச்சலும் இருமலும் விட்டு 24 மணி நேரம், இரண்டில் எது நீளமோ அதுவரை தனிமை. கோவிடுக்குப் பொதுவாக 10 நாள். எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு இன்னும் அதிகம். நோய்ப்பட்டவர்களைக் கவனிக்கத் தனியாக ஓரிரு பேரை ஒதுக்குங்கள். ஆள் போதாவிட்டால் நலமாக இருப்பவர்களின் வேலையை முதலில் முடித்துவிட்டு, நோயாளிகளிடம் கடைசியாகப் போகும்படி வரிசையை அமையுங்கள்.

மறதி நோய் உள்ளவர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். அவர்களை அறைக்குள் பூட்டவும் கூடாது, கட்டவும் கூடாது. மயக்க மருந்து கொடுத்து உட்கார வைப்பதும் கூடாது. பதற்றமும் வீழ்ச்சியும்தான் அதிகமாகும். அவர்களை மாற்ற முடியாது என்பதை ஒப்புக்கொண்டு சுற்றியிருப்பதை மாற்றுங்கள். அவர் மாஸ்க் போடாவிட்டால் அவரைத் தொடும் ஒவ்வொருவரும் நல்ல மாஸ்க் போட வேண்டும். நடக்காமல் இருக்க முடியாதவர் என்றால், மற்றவர்கள் கூடத்தில் இல்லாத நேரத்தில் ஒரு பணியாளர் துணையோடு நடக்கட்டும். பத்துப் பதினைந்து பேர் ஒன்றாக உட்காரும் இடத்தில், தினமும் அதே நான்கைந்து பேர் சேரும் சின்னக் குழுக்களாகப் பிரியுங்கள். ஒரு குழுவில் வந்தால் அது அந்தக் குழுவோடு நிற்க வாய்ப்புண்டு. மாஸ்க் போட்ட முகம் சிலரை மிரளச் செய்யும். அறைக்குள் நுழையும்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தான் யார் என்று சொல்லிவிட்டு, அப்புறம் கிட்டே போகச் சொல்லுங்கள்.

பணியாளர்களின் மாஸ்க் விஷயத்தில், வெளியே நோய் அதிகமாக இருக்கும் வாரங்களில் இல்லத்துக்குள் எல்லோரும் சர்ஜிக்கல் மாஸ்க் போடட்டும். கோவிட் இருக்கும், அல்லது இருக்கலாம் என்று சந்தேகிக்கும் அறைக்குள் போகிறவர்களுக்கு என்95 வேண்டும், அது முகத்தோடு படிந்திருக்க வேண்டும். இன்ஃப்ளூயன்சா அறைக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போதும் என்பார்கள். என்95 இருந்தால் அங்கேயும் அதையே கொடுப்பேன். மூக்கின் மேல் உள்ள கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்தி, பலமாக ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கீழே காற்று அடித்தால் மாஸ்க் சரியாகப் படியவில்லை. கையுறையைப் பற்றி எனக்குத் தீராத கவலை ஒன்று உண்டு. ஒரே ஜோடியைப் போட்டுக்கொண்டு மூன்று படுக்கைக்குப் போகிறார்கள். நடுவில் அதே கையால் மாஸ்க்கைச் சரிசெய்கிறார்கள். போட்டவருக்குத் தன் கை சுத்தமாக இருப்பதுபோல ஒரு நிம்மதி, அவ்வளவுதான். ஒரு ஆளுக்கு ஒரு ஜோடி. கழற்றியதும் 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால் கொண்ட திரவத்தை 20 நொடி கை முழுக்கத் தேய்க்க வேண்டும். அது வாசலில் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு பராமரிப்பாளர் பையிலும் ஒரு சின்னப் புட்டி இருக்கட்டும்.

இப்போது காற்று. நீங்கள் தரையைத் துடைக்கச் செலவழித்த நேரத்தில் ஒரு பகுதியை இதற்குக் கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்னச் சின்ன நுண்துளிகள், மூடிய அறையில் சிகரெட் புகை தங்குவதுபோல, இருமியவர் எழுந்துபோன பிறகும் மிதந்துகொண்டிருக்கும். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவராது. உள்ளே இருப்பதையே குளிரவைத்துத் திரும்பத் தரும். எதிரெதிர் ஜன்னல்களைக் கொஞ்சமாவது திறந்து வையுங்கள், எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். நோயாளி அறையிலிருந்து கூடத்துப் பக்கம் காற்றுத் தள்ளும்படி மின்விசிறியை வைக்காதீர்கள். ஆள் நிறைந்திருக்கும் நேரத்தில் கார்பன் டை ஆக்சைடு அளவு 800 பிபிஎம்முக்கு மேல் போனால் வெளிக்காற்று போதவில்லை என்று அர்த்தம். இதை அளக்கும் கருவி சின்னதுதான், ஒன்று வாங்கிப் பொதுக்கூடத்தில் வையுங்கள். ஜன்னல் திறக்க வழியில்லாத அறைக்கு நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்புக் கருவி வாங்கலாம். மணிக்கு ஐந்து தடவையாவது அறையின் காற்று முழுக்கச் சுத்தமாக மாற வேண்டும் என்பது இலக்கு. 6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 90 கனமீட்டர். மணிக்கு 450 கனமீட்டர் சுத்தக் காற்று தரும் கருவி வேண்டும். தேவையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வாங்குங்கள். சத்தம் தாங்காமல் ராத்திரியில் யாராவது அணைத்துவிடுவார்கள். பெரிய கருவியை மெதுவாக ஓட்டினால் அந்தத் தொல்லை இல்லை. வடிகட்டி வைரஸைப் பிடிக்கும், கார்பன் டை ஆக்சைடைக் குறைக்காது. அதனால் வடிகட்டி ஓடும் அறையில் அந்த மீட்டரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

கிருமிநாசினியை அறையில் புகையாக அடிப்பது, ஆட்கள் மேல் தெளிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே பலவீனமான நுரையீரல்கள் அவை. துடைக்க, 5 சதவீத பிளீச் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர், தினமும் புதிதாகக் கலந்தது போதும். அமிலம் கலந்த எதனோடும் அதைச் சேர்க்கக் கூடாது. தரையைவிடக் கை படும் இடங்கள் முக்கியம்: கட்டில் கம்பி, அழைப்பு மணி, வாக்கரின் பிடி, டிவி ரிமோட். எல்லோர் விரலிலும் மாட்டும் ஒரே ஆக்ஸிமீட்டரை யாரும் துடைப்பதில்லை. ஒவ்வொரு ஆளுக்குப் பிறகும் கருவிக்கு ஏற்ற ஆல்கஹால் துணியால் துடையுங்கள். மருந்தைப் பனிபோல மூச்சில் இழுக்கத் தரும் நெபுலைசரைப் பொது அறையில் போடுவதையும் தவிருங்கள். டாக்டர் சம்மதித்தால் ஸ்பேசர் என்ற குழாயை மாட்டி இன்ஹேலர் கொடுக்கலாம்.

தடுப்பூசி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். இன்ஃப்ளூயன்சா ஊசி வருடா வருடம், சீசனுக்கு முன்பே. எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று நான்கு மடங்கு வீரியமுள்ள ஊசி உண்டு, கிடைத்தால் அதையே போடுங்கள். ஆர்எஸ்விக்கு முதியவர்களுக்கான ஊசி 2023-இல் வந்தது. இப்போதைக்கு ஒரே தவணை. கோவிட் ஊசியையும், நிமோனியா தரும் ஒரு பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் ஊசியையும் டாக்டரிடம் கேளுங்கள். வயதானவர்களின் உடம்பில் ஊசி முழு அளவுக்கு வேலை செய்வதில்லை என்பதால்தான் பணியாளர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்கிறோம். கிளாஸ்கோ பகுதியில் 20 நீண்டகாலப் பராமரிப்பு மருத்துவமனைகளில் நடந்து, 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், பணியாளர்களுக்கு இன்ஃப்ளூயன்சா ஊசி போட்ட இடங்களில் முதியவர்களின் இறப்பு 13.6 சதவீதம், போடாத இடங்களில் 22.4. அவ்வளவு பெரிய வித்தியாசம் ஊசியால் மட்டும் வந்திருக்குமா என்று பின்னால் வந்தவர்கள் நியாயமாகவே சந்தேகப்பட்டார்கள். ஆனாலும் பணியாளர் ஊசி போட்டுக்கொள்வதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மிரட்டிப் போட வைக்காதீர்கள். ஷிஃப்ட் நேரத்திலேயே, இல்லத்திலேயே, இலவசமாக ஏற்பாடு செய்யுங்கள், இரவு ஷிஃப்டுக்கும் சேர்த்து.

சரி, பார்வையாளர்கள். மாதக்கணக்கில் சொந்த முகங்களைப் பார்க்காத பெரியவர்கள் சாப்பாட்டைக் குறைத்து, எடை இழந்து, பேச்சையும் குறைத்துக்கொள்வதை கோவிட் காலத்தில் உலகமே பார்த்தது. மகளோ மகனோ தினமும் வந்து ஒருவேளை ஊட்டிவிட்டால் உங்கள் ஆட்களின் சுமையும் குறையும். அம்மாவின் நிலையில் சின்ன மாற்றம் வந்தாலும் முதலில் சொல்பவரும் அவராகவே இருப்பார். பரவல் நடக்கும்போதும் ஒவ்வொருவருக்கும் குடும்பத்தில் ஒருவரையாவது அனுமதியுங்கள். நிலைமையைச் சொல்லிவிடுங்கள், மாஸ்க் கொடுங்கள், கையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பொதுக்கூடத்தில் உட்காராமல் நேராக அறைக்கோ திறந்தவெளிக்கோ போகட்டும். சளி இருமல் உள்ளவர், மூக்கொழுகும் பேரப்பிள்ளை இவர்களை மட்டும் பிறகு வரச் சொல்லுங்கள். வாசலில் வெப்பமானியோடு நிற்பவர் அதைக் கீழே வைத்துவிட்டு “தொண்டை எப்படி இருக்கு, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா” என்று கேட்டால் அதிகம் தெரியவரும். மருத்துவமனைக்கு மாற்றும் நிலை வந்தால் என்ன விருப்பம் என்பதையும் குடும்பத்தாரிடம், முடிந்தால் அந்தப் பெரியவரிடமே, இப்போதே நிதானமாகப் பேசி எழுதி வையுங்கள்.

நிர்வாகம் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் சம்மதிக்காது என்று எனக்குத் தெரியும். கிரியேட்டினின் பட்டியல், வழக்கமான அளவுகளின் பதிவேடு, சாப்பாட்டுத் தவணை, ஜன்னல், வேலை வரிசை இவற்றுக்குப் பெரிதாகப் பணம் வேண்டாம், நீங்களே இந்த வாரம் தொடங்கிவிடலாம். கூட்டத்தில் ஒன்றை மட்டும்தான் கேட்க முடியும் என்றால் பணியாளர்களுக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பைக் கேளுங்கள். மறுத்தால், போன சீசனில் நான்கு பேரை மருத்துவமனையில் சேர்த்ததற்கும் மாற்று ஆட்களுக்கும் ஆன செலவைக் கணக்கெடுத்து, அதே மேஜையில் வைத்துத் திரும்பவும் கேளுங்கள்.